கீழ் கேட் வரைக்கும்

"இதப் பாருங்க, தண்ணிக்குள்ள மலை தலைகீழா நிக்குது" என்று அவள் கைபேசியைக் கணவரின் மூக்குக்கு நேராக நீட்டினாள். ஒரு கால் இன்னும் வேன் படியில்தான் இருந்தது. அவர் பார்க்கவில்லை. தன் ஜன்னல் இருக்கைக்குப் போக அவருடைய முழங்காலைத் தாண்டியாக வேண்டும். தாண்டும்போது வேண்டுமென்றே அவர் காலை ஒரு மிதி மிதித்தாள். அதற்கும் அவர் வாயைத் திறக்கவில்லை.

"சரி, இதுவும் நல்லதுக்குத்தான்" என்று உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

மனுஷன் கோபத்தில் இருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். கோபம் வராமல் என்ன செய்யும். காலையில் ஐந்தரை மணிக்கு, வாசல் கதவைப் பூட்டும் முன்னால், அவள் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இன்றைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், நெஞ்சு அடைக்கிறது, கை குடைகிறது, தலை சுற்றுகிறது, வயிறு இழுக்கிறது, எதுவும் அவள் காதில் விழக்கூடாது. "வாயத் தொறந்தேன்னா ஏன்னு கேளு" என்று அவர் அவள் கையில் அடித்துச் சொன்னார். அப்புறமும் நம்பாமல் அவள் அவருடைய பையைக் குடைந்து மாத்திரைப் பையை எடுத்து பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள்.

அவர் மருந்துக்கடைக்காரர். கடையில் இருக்கிற நோயெல்லாம் தனக்கும் இருப்பதாக நம்புகிறவர். அவள் தங்கை கல்யாணத்தன்று சரியாக முகூர்த்த நேரத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. கடற்கரைக்குப் புறப்பட்ட ரயிலில் இரண்டாவது ஸ்டேஷனிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. மகளுக்குப் பிரசவ வலி எடுத்த நாளில் இவருக்கும் வயிற்றில் வலி எடுத்து, பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் டாக்டர்கள் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கார்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் பிறந்த வீட்டுப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஐயோ மாமா'. முப்பத்திரண்டு வருஷமாகப் புலி வருது, புலி வருது என்ற கதைதான்.

அவளோ திரைச்சீலை தைப்பவள். ஊரில் பாதி வீட்டு ஜன்னல்களின் அளவு அவளுக்கு மனப்பாடம். அந்த ஜன்னல்களுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நின்று பார்க்கத்தான் ஒரு நாளும் வாய்த்ததில்லை. மகள் இந்த ஒருநாள் பயணத்துக்கு இரண்டு பேருக்குப் பதிவு செய்து அனுப்பினாள். ஆறு பேர் போகிற சின்ன வேன், மலை மேலே நான்கு ஏரி, காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அன்றிலிருந்து அவள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

முதல் ஏரியில் அவர் இறங்கினார், நடந்தார், படத்துக்கு நின்றார். இரண்டாவது ஏரியில் நீங்க போய்ட்டு வாங்க என்பதுபோல் கையைக் காட்டினார். நெற்றியில் வேர்வை இருந்தது. இடது முழங்கையை வலது கையால் பிசைந்துகொண்டிருந்தார். அவள் முறைத்தாள். அவர் சட்டென்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் வேன் கிளம்பியது. அவள் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டிக்கொண்டே வந்தாள். இது ஏரி, இது ஏரிக்குப் பின்னாடி இருந்த பாறை, இது பின் சீட்டுப் புதுப்பொண்ணு என்னை எடுத்தது, பாருங்க, எவ்வளவு குண்டா இருக்கேன். கால் மணி நேரம் காட்டியிருப்பாள். ஒரு வளைவில் அவர் தலை சரிந்து அவள் வலது தோளில் வந்து விழுந்தது. சமாதானத்துக்கு வருகிறார் என்று அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த வளைவு மறுபக்கம் திரும்பியது. தலை பிடிமானமே இல்லாமல் முன்னால் தொங்கியது. பிடிக்கப்போனவள் கையில் அவருடைய கன்னம் பட்டது. அது குளிர்ந்திருந்தது.

"என்னங்க" என்றாள். இன்னொரு தடவையும் சொன்னாள்.

வேனின் நடைவழிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்மணி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவள் குரலைக் கேட்டதுமே எழுந்து வந்தார். கணவருடைய தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் தன் கைக்கடிகாரத்தையும் ஒரு முறை பார்த்தார்.

"கடைசியா எப்பம்மா பேசினார்?"

"ஏரிக்கு இறங்கறப்போ கை காட்டினார். கண்ண மூடிக்கிட்டுக் கோவமா இருக்கார்னு நினைச்சேன்."

"அரை மணிக்கு மேல ஆகியிருக்கும்மா" என்றார் நர்ஸ். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இனிமே நாம செய்றதுக்கு ஒண்ணும் இல்ல. மாத்திரை ஏதாவது கையில வச்சிருப்பாரா?"

பிரிட்ஜ் மேல் இருக்கிற நீலப் பையில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை முதல் பல்வலி மாத்திரை வரை இருந்தது. அவள் கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வெளியே வருவதற்குள் வேன் நின்றுவிட்டது.

அது ஒரு வழிப்பாதை. மேல் கேட்டில் நுழைந்தால் கீழ் கேட்டில்தான் வெளியே வர முடியும். ஐந்து வேன்கள் வரிசையாகப் போகும், முன்னால் ஒரு பைலட் ஜீப். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். முந்தவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. அகலமான வளைவுகளில் மட்டும் ஜீப் நின்று, பின்னால் வருகிற வண்டிகள் சேரும் வரை காத்திருக்கும். இப்போதும் அதற்காகத்தான் நின்றது.

வழிகாட்டி இறங்கி வந்தான். அவனேதான் டிரைவர், மைக்கில் ஜோக் சொல்கிறவனும் அவனேதான். காலையிலிருந்து வாய் ஓயாத பிள்ளை. எட்டிப் பார்த்தான். நர்ஸ் தலையை மட்டும் இரண்டு பக்கமும் அசைத்தார். அவன் முகம் சுண்டிப்போயிற்று. கதவை உள்ளிருந்து சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தான்.

"அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. அழாதீங்க. இப்ப மட்டும் அழாதீங்க" என்றான். "இங்க போன் எடுக்காது. வழியில நடு செக்போஸ்ட் ஒண்ணு இருக்கு. மலையில யாராவது போய்ட்டாங்கன்னு தெரிஞ்சா வண்டிய அங்கயே நிறுத்திடணும், அதான் ரூல். கீழேருந்து அதிகாரி வந்து எழுதினாதான் எடுக்க விடுவாங்க. சாயங்காலம் கேட் மூடிட்டா அவர் காலையிலதான் வருவார்."

"அதுவரைக்கும்?"

"அங்க ஒரு தகர ஷெட் இருக்கு. மண்வெட்டி, கயிறெல்லாம் போட்டு வச்சிருப்பாங்க. போன வருஷம் ஒருத்தர..." அவன் முடிக்கவில்லை. "கூட யாரையும் இருக்க விடமாட்டாங்கம்மா. உங்களையும் கீழ அனுப்பிடுவாங்க."

"உடம்பு முடியலன்னு சொல்லி முன்னாடி போகக் கூடாதா தம்பி?" என்று கேமராக்காரர் கேட்டார். பெரிய கேமராவோடு தனியாக வந்திருந்தவர் அவர்.

"சொன்னா செக்போஸ்ட்ல முதலுதவிக்காரன் வந்து தொட்டுப் பார்ப்பான் சார்."

பின் இருக்கையில் இருந்த புதுமணப் பெண் தன் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

அவர் ஒரு ராத்திரிகூடத் தனியாகப் படுத்ததில்லை. தூக்கத்தில் ஏதாவது ஆகிவிட்டால் தண்ணீர் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். அவள் தைக்கிற வேலை முடியாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தால், பாயைத் தூக்கிக்கொண்டு தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வார். அந்த மனுஷனை மண்வெட்டிகளுக்கு நடுவில் போட்டுவிட்டுப் போவதா. அவள் கண்ணைத் துடைத்தாள். அவர் தலையைத் தூக்கித் தன் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டாள். தன் சால்வையை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்தினாள்.

"கீழ் கேட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு மணி நேரம்மா. மத்த ரெண்டு ஏரியிலயும் ஜீப் நிக்கும். நாமளும் நின்னுதான் ஆகணும்."

"சரி. தூங்கறார்" என்றாள்.

வழிகாட்டி மற்ற நான்கு பேரையும் பார்த்தான். நர்ஸ், "ஆமா, தூங்கறார்" என்றார். கேமராக்காரரும் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் பேச்சு.

நான்கு மணி நேரம் என்று சொல்லிவிடலாம். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஜன்னல் வெயில் அவர் முகத்தில் விழுந்தது. அவள் கை நீட்டி வேனின் திரையை இழுத்துவிட்டாள். ஓரம் மடித்துத் தைக்காமல் அப்படியே வெட்டிவிட்டிருந்தார்கள், நூல் பிரிந்து தொங்கியது. இந்த நேரத்தில் இதுவா கண்ணில் படவேண்டும் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவர் கனம் அவள்மேல் ஏறியது, இறங்கியது. ஒரு கையால் அவர் இடுப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் விழுந்துவிடாமல் பார்ப்பது ஒன்றே வேலை என்று ஆகிவிட்டது. அதுவும் நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் அவள் கத்தியிருப்பாள்.

வழியில் வழிகாட்டி தன்னை மறந்து மைக்கை எடுத்து, "இடது பக்கம் பாருங்க, மூணு அடுக்கு அருவி" என்றுவிட்டான். சொன்ன வாயை மூடுவதற்குள் எல்லோரும் இடது பக்கம் திரும்பியிருந்தார்கள். அவளும் திரும்பினாள். வெள்ளையாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. அழகாக இருக்கிறது என்று தோன்றியதே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

மூன்றாவது ஏரியில் நாற்பது நிமிஷம் நின்றார்கள். படகுத்துறை இருந்தது. மற்ற வேன்களிலிருந்து ஆட்கள் கூட்டமாக இறங்கினார்கள். புதுமணப் பெண்ணால் தாங்க முடியவில்லை, தோள் குலுங்கியது. வழிகாட்டி அவளிடம் போய், "அழணும்னா இறங்கித் தண்ணி கிட்டப் போய் அழுதுட்டு வாம்மா, இங்க வேணாம்" என்றான். அவள் இறங்கிப் போய்த் துறை ஓரமாக நின்று நன்றாக அழுதாள். முன்பின் தெரியாத பெண், என் புருஷனுக்காக எனக்கு முன்னால் அழுகிறாள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் இவள். பொறாமையாக இருந்தது. வேறு சொல் அதற்கு இல்லை.

அடுத்த வேன் ஆள் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஐயா இறங்கலையா? இவ்வளவு தூரம் வந்துட்டுத் தூங்கறாரே. கொடுத்து வைக்கணும் இதையெல்லாம் பார்க்க."

"ராத்திரி பூரா தூங்கல சார் அவரு" என்று புதுமாப்பிள்ளை குறுக்கே வந்து நின்றான். "வாங்க, படகுக்கு வரிசை எங்கன்னு காட்டுங்க" என்று அவர் தோளில் கையைப் போட்டு அழைத்துக்கொண்டு போனான். கெட்டிக்காரப் பையன்.

வேனில் அவளும் அவரும் மட்டும் இருந்தார்கள். காலையிலிருந்து முதல் தடவையாக.

"வலிச்சா சொல்லியிருக்கலாம்ல" என்றாள் மெதுவாக. "நான் முறைச்சா என்ன. எத்தனை தடவை முறைச்சிருக்கேன், எதுக்காவது நீங்க அடங்கியிருக்கீங்களா?" சால்வைக்குள் அவருடைய கையைத் தேடிப் பிடித்தாள். விரல்கள் மடங்கவில்லை. "சிகரெட்ட விடறேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்க. மறுநாளே கடைக்குப் பின்னாடி போய் ஊதினீங்க. எங்கம்மாவப் பார்க்க வரேன்னு சத்தியம் பண்ணிட்டு வரல. முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு சத்தியத்தக் காப்பாத்தின ஆளு இல்ல நீங்க. இதப் போய்க் காப்பாத்தணுமா?"

கண்ணீர் வந்துகொண்டேயிருந்தது. முகத்தைத் துடைக்க அவளுக்கு ஒரு கைதான் இருந்தது. படகு போய்த் திரும்பி வந்தது. ஆட்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நடு செக்போஸ்ட்டுக்கு வரும்போது மணி மூன்று இருக்கும். ஒவ்வொரு வேனாக நிறுத்தித் தலை எண்ணினார்கள். தகர ஷெட் சாலையை ஒட்டியே இருந்தது. கதவு அரைகுறையாகத் திறந்திருந்தது, உள்ளே தார் டிரம் தெரிந்தது. அவள் அந்தப் பக்கமே பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

காவலாளி கையில் ஒரு அட்டையோடு ஏறினான். நடுத்தர வயசு, தொப்பை, நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தான்.

"எத்தனை பேரு?"

"ஆறு" என்றான் வழிகாட்டி. குரல் உடைந்து வந்தது, இருமி மறைத்தான்.

"ஒண்ணு, ரெண்டு..." அவன் அட்டையால் ஒவ்வொருவரையும் சுட்டிக்கொண்டே வந்தான். அவரிடம் வந்ததும் நின்றான். "பெரியவர எழுப்புங்க. முகத்தப் பார்க்கணும்."

நர்ஸ் பாதி எழுந்தார். கேமராக்காரர் கேமராப் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். அப்போது அவள் பேசினாள்.

"எங்க போனாலும் இதே கூத்துதான் சார். பஸ்ல ஏறினா தூக்கம், ரயில்ல ஏறினா தூக்கம். காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்தா இவரு என் தோள்ல குறட்டை விடறாரு. வீட்டுல இருக்கற கட்டில்லயே படுத்திருக்கலாம்." அவள் சால்வையைச் சற்று விலக்கி அவர் கன்னத்தில் விரலால் தட்டினாள். "என்னங்க, ஐயா கேக்கறாரு பாருங்க. ம்ஹும். விடுங்க சார், எழுப்பினா இங்க வலிக்குது, அங்க வலிக்குதுன்னு ஆரம்பிச்சுடுவாரு. அப்புறம் உங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது."

காவலாளி சிரித்துவிட்டான். "என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கும்மா இதே மாதிரி. எங்கப்பா" என்றான். "ஆறு" என்று அட்டையில் குறித்துக்கொண்டு இறங்கினான்.

வேன் நகர்ந்தது. ஷெட் பின்னால் போயிற்று. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பேச்சு. ஒரு சொல்லைக்கூட அவள் தேடவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சுதான் அது, அப்படியே எடுத்துப் போட்டாள். இதைத்தானே இவரும் முப்பத்திரண்டு வருஷமாகப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருப்பார். ஐயோ, நான் என்ன மனுஷி என்று இருந்தது அவளுக்கு.

நர்ஸ் எழுந்து வந்து குனிந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "முடிஞ்சுதும்மா. இனிமே நிறுத்த மாட்டான்."

நான்காவது ஏரியில் யாரும் இறங்கவில்லை. ஜீப் நின்ற பதினைந்து நிமிஷமும் ஆறு பேரும் இடத்தை விட்டு அசையாமல் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கீழ் கேட் தாண்டியதும் கைபேசி உயிர் பெற்றுத் தொடர்ந்து சத்தம் போட்டது. மகள்தான். 'போட்டோ எங்கம்மா?' 'அப்பா அடங்கி ஒடுங்கி இருக்காரா?' 'என்ன, இன்னிக்கு எங்க வலியாம்?' கடைசிக் கேள்விக்குக் கீழே ஒரு சிரிக்கிற முகம். அவள் கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கீழ் கேட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஐந்து நிமிஷம்தான். சின்னக் கட்டடம், ஒரு டாக்டர். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தபோது அவர் தலை நேராக நிற்கவில்லை. அவள் தோளில் சாய்ந்திருந்த வாக்கிலேயே கழுத்து வளைந்து நின்றது. வார்டு ஆள் ஒரு பக்கம் துணியைச் சுருட்டி முட்டுக் கொடுத்தான். மற்ற நான்கு பேரும் வழிகாட்டியும் வராந்தாவிலேயே நின்றார்கள். போங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவர்களும் போகவில்லை.

டாக்டர் இளம்பெண். மேஜைமேல் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, எதிரே உட்காரச் சொன்னாள்.

"காலையில கிளம்பறப்போ நல்லா இருந்தாரா?"

"இருந்தார்."

"வழியில நெஞ்சு வலி, கை வலி, வேர்வை, ஏதாவது சொன்னாரா?"

வராந்தாவில் நர்ஸ் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு ஒண்ணும் சொல்லல" என்றாள்.

"இதுக்கு முன்னாடி?"

"முன்னாடி தினமும் சொல்வார். இன்னிக்கு வேணாம்னு நான்தான் சொன்னேன்."

டாக்டர் எதை எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் காகிதத்தின்மேல் வைத்தபடி இருந்தாள். பிறகு ஒரே ஒரு வரி எழுதினாள். படிவத்தைத் திருப்பி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினாள்.

அவள் பேனாவை எடுக்கப் போனாள். வலது கை வரவில்லை. இடது கையால் அதைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகினாள். அது உருண்டு கீழே விழுந்தது.

டாக்டர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். "அம்மா, உங்களுக்கு எங்கயாவது வலிக்குதா?"

"இல்லம்மா" என்றாள். "எனக்கு ஒண்ணும் இல்ல."

டாக்டர் குனிந்து பேனாவை எடுத்துக்கொடுத்தாள். அவள் இடது கையால் வாங்கி, வளைந்து வளைந்து தன் பெயரை எழுதினாள். வலது தோள், ஒரு தலை சாய்ந்துகொள்கிற உயரத்தில், இறங்காமல் அப்படியே இருந்தது.